சென்னையிலிருந்து போன் வந்தது, தினா

தினா,

நீ அனுப்பிய இசைத்தட்டு செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்து சேர்ந்தது. சூரியநெல்லியில் அதைப் போட்டுக் கேட்க யாரிடமும் மிஷின் இல்லை. போடியிலிருந்து உன் அக்கா செல்வராணி வந்திருந்தாள். அதே ஆறு டிராக்கையும் அவள் போனில் போட்டாள், இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். அட்டையில் ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று பெரிதாகவும், பின்பக்கம் ‘அம்மாவுக்கு’ என்று சின்னதாகவும் அச்சடித்திருக்கிறது. சனிக்கிழமை கொச்சியில் வெளியீடு. அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. செல்வராணி டைப் செய்து எல்லோரும் படிக்கிற மாதிரி பேஸ்புக்கில் போடுவாள். முதலில் உனக்குக் காட்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நானும் சரி என்று மடித்து வைத்திருப்பேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் முப்பத்தொரு வருஷம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். படிப்பு பத்தாவது வரை. உன் அப்பா அதே எஸ்டேட் பாக்டரியில் மிஷின் பார்த்தார். நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு மத்தியானம் பாக்டரி முற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே போய்விட்டார். அதன் பிறகு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் நாம் மூன்று பேர். நீ பிளஸ் டூ எழுதிய வருஷம் செல்வராணிக்குக் கல்யாணமாகிப் போடிக்குப் போனாள். அப்புறம் இரண்டு பேர். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருஷம் இருந்தது. வீட்டில் ஒருவராவது கம்பெனி வேலையில் இருந்தால்தான் லயத்தில் குடியிருக்கலாம், இல்லையென்றால் காலி செய்து கொடுக்க வேண்டும். நீ வேலைக்குப் பெயர் கொடுத்தால் வீடு நிற்கும் என்று ஆபீஸ் கிளார்க் இரண்டு தடவை என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ அப்போது சென்னையில் ஒரு காலேஜில் சவுண்ட் என்ஜினியரிங் படிப்புக்கு மனு போட்டிருந்தாய்.

இன்டர்வியூவுக்கு நீ தனியாகத்தான் போனாய். மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மத்தியானம் கேண்டீனில் ஒரு பன்னும் டீயும், ராத்திரி அதுவும் இல்லை. பசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் காலையில் நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாய். பையைக்கூட இறக்கிவைக்காமல் போனில் எடுத்த போட்டோக்களைக் காட்டினாய். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு அறை, வரிசை வரிசையாகப் பொத்தான்கள் வைத்த ஒரு மேஜை. கதவைச் சாத்தினால் அந்த அறைக்குள் நம்ம மூச்சு நமக்கே கேட்குமாம். உன் அப்பா போனதற்குப் பிறகு உன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வெயிட்டிங் லிஸ்டில் நாலாம் நம்பர், யாராவது சேராமல் போனால் கூப்பிடுவார்கள் என்றாய். உன் போன் சிக்னல் இல்லாமல் பாதி நேரம் செத்துக் கிடக்கும், நான் கொழுந்து எடுக்கும் மேல் டிவிஷன் மலையில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால் மனுவில் என் நம்பரைக் கொடுத்திருந்தாய். செல்வராணியைத் தவிர எனக்கு வெளியூரிலிருந்து யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் வேறு நம்பரிலிருந்து மணி அடித்தால் அது உனக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

அது ஒரு திங்கட்கிழமை. பதினோரு மணி இருக்கும், மழை விட்டு மறுபடி பிடிப்பதற்கு நடுவில் ஒரு வெயில். ஒரு பெண் பேசினார். நிதானமான குரல். உன் பெயரைச் சொல்லி, நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மா என்றேன். ஒருவர் வரவில்லை, ஒரு சீட் காலியாகியிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்றார். நான் சொன்னது இதுதான்:

“அவன் வேற எடத்துல சேந்துட்டான்மா. வரமாட்டான்.”

“நிச்சயமாவா? தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?”

“கேக்க வேணாம்மா. சேந்துட்டான்.”

இன்னொரு தடவையும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். பிறகு போனை முந்தானையில் முடிந்துகொண்டு தேயிலை நிரைக்குப் போனேன். அன்றைக்குக் கொழுந்து குறைந்தது என்றோ கை நடுங்கியது என்றோ சொன்னால் கதை நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. எப்போதும் போலத்தான் எடுத்தேன்.

சாயங்காலம் நீ என் போனை வாங்கிப் பார்த்தாய். சென்னை நம்பர் ஒன்று கிடந்தது. அதை அழிக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. “இது யாரும்மா?” என்று கேட்டாய். சிம் கம்பெனிக்காரங்க, ஏதோ ஆஃபர் என்றார்கள் என்று சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாய். அந்த நம்பரைத் திருப்பி அழைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும். நீ அழைக்கவில்லை, ஏனென்றால் அதுவரை நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை. அடுத்த இரண்டு வாரம் நான் வேலை முடிந்து வந்ததும் போனை வாங்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கிற தண்ணீர் டேங்க் வளைவில் போய் நிற்பாய். நான் அரிசி களைந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கடைசியில் நீயே காலேஜுக்குப் போன் செய்தாய். அட்மிஷன் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, “வேணாம்னுட்டாங்கம்மா” என்றாய். நான் உனக்குச் சோறு போட்டேன்.

மறுவாரம் உன்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பெயர் கொடுத்தேன். பாக்டரியில் போட்டார்கள். பதினொரு மாதம் இருந்தாய். தேயிலை மிஷினின் தாளத்தில்தான் உன் இசை பிறந்தது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை முடிகிற சங்கு எப்போது ஊதும் என்று காத்திருந்ததாகத்தான் நீ என்னிடம் சொன்னாய். பிறகு ஒருநாள் என்னிடம் கேட்காமலே வேலையை விட்டுவிட்டுச் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் சேர்ந்தாய். டூரிஸ்டுகளுக்கு கேம்ப்ஃபயர் நேரத்தில் பாட்டுப் போடுகிற வேலை. ஊரில் கேட்டால் ரிசப்ஷனில் இருக்கிறான் என்று சொல்வேன். அதுவும் பொய்தான், ஆனால் சின்னது. எனக்கு ரிட்டயர்மெண்ட் ஆனது, வீட்டைக் காலி செய்தோம். எந்த வீட்டுக்காக உன் சீட்டை விட்டேனோ அந்த வீடு இரண்டே வருஷத்தில் கையைவிட்டுப் போனது. பஜாருக்குப் பின்னால் இந்த வாடகை வீட்டுக்குச் சாமான்களை நீதான் ஜீப்பில் ஏற்றினாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நீ பீரோவைத் தூக்கிக்கொண்டிருந்தாய், நான் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ரிசார்ட்டுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறேன். ரோட்டில் யானை நிற்கிறது என்று மூன்று நாளாக நீ வீட்டுக்கு வரவில்லை. வண்டி விட்டதும் மாற்றுத்துணியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தேன். மெத்தைகள் அடுக்கியிருந்த ஒரு ஸ்டோர் ரூமில், யாரிடமோ பழையதாக வாங்கிய லேப்டாப்பை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாய். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாய். டும் டும் என்று ஒரே அடி. நடுவில் ஏதோ இரைச்சல் வந்து வந்து போனது. ஐந்து நிமிஷம் கேட்டிருப்பேன். “இதுல பாட்டு எப்பய்யா வரும்?” என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நீ செய்த எதையும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை, தினா. நிஜமாகவே பாட்டு வரும் என்று காத்திருந்தேன். உனக்கு நாளை ஒரு பிள்ளை பிறந்து, உனக்குப் புரியாத ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், புரியவில்லை என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. நான் குழம்பு ஆறிவிடும் என்று எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அங்கே தங்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் உன் இசையைக் கேட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டார். பெங்களூர், கோவா, கொச்சி என்று போனாய். போன வருஷம் ஜெர்மனிக்குப் போய் வந்து, அங்குள்ள ஒரு கம்பெனி உன் தட்டை வெளியிடப்போகிறது என்றாய். போன மாதம் ஒரு யூடியூப் சேனலில் உன்னைப் பேட்டி எடுத்தார்கள். வெயிட்டிங் லிஸ்ட் என்று ஏன் பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார்கள். காலேஜ் பெயரைச் சொல்லி, டேங்க் வளைவில் போனோடு நின்ற கதையைச் சொல்லி, “என்னைக் கூப்பிடாமலே விட்டாங்க பாருங்க, அவங்களுக்கு நன்றி. கூப்பிட்டிருந்தா இந்த மியூசிக் வந்திருக்காது” என்றாய். செல்வராணியின் போனில்தான் பார்த்தேன். கீழே ஆயிரக்கணக்கில் கைதட்டி எழுதியிருந்தார்கள். நான் எழுந்துபோய்த் துவைத்த துணிகளை மறுபடி துவைத்தேன்.

அதோடு போயிருந்தால் நான் இன்னும் சொல்லாமலே இருந்திருப்பேன், அதையும் ஒளிக்க வேண்டாம். நான்கு நாள் கழித்து அந்தக் காலேஜிலிருந்து ஒரு பெண் அந்தப் பேட்டியின் கீழே இரண்டு வரி எழுதினார். நாலாம் நம்பருக்குச் சீட் வந்தது, நான்தான் போன் செய்தேன், வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று. எனக்கு அந்த இரண்டு வரியிலும் அந்தத் திங்கட்கிழமைக் குரல் கேட்டது. நீ அதற்கு, “எந்த போனும் வரவில்லை. இப்போது பொய் சொல்லாதீர்கள்” என்று பதில் போட்டாய். உன் ரசிகர்கள் அதற்குப் பிறகு அவரைப் பற்றி எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். அவர் போட்டோவைத் தேடி எடுத்துப் போட்டார்கள். வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்றார்கள். நீ அப்படி எழுதச் சொல்லவில்லை, தெரியும். ஆனால் நிறுத்தவும் சொல்லவில்லை.

அதையெல்லாம் படித்த அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்து சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, “ஏம்மா?” என்றாய். லயத்து வீடு போய்விடும் என்று பயந்தேன் என்றேன்.

“வீடு போனப்பவாவது சொல்லியிருக்கலாம்ல,” என்றாய். வைத்துவிட்டாய்.

நீ கேட்டது சரி. அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். வீடு ஒரு காரணம்தான். ஆனால் மலையில் அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தபோது என் மனசில் வீடு வரவில்லை. அடுப்புப் பற்றவைக்காத அந்த மூன்று நாள்தான் வந்தது. நீ போனால் அந்த மூன்று நாள் மூன்று வருஷமாகும் என்று தோன்றியது. நான் தனியாக இருக்கப் பயந்தேன், அவ்வளவுதான். அதை உன்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று தெரியாது. போயிருப்பாய், வாரம் ஒருமுறை போன் செய்திருப்பாய். நானும் நாலு நாளில் அடுப்பைப் பற்றவைத்திருப்பேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். உனக்கு அந்தப் படிப்புக் கிடைத்திருந்தால் இந்த இசை வந்திருக்காது என்கிறாய். இருக்கலாம். வேறு ஏதாவது வந்திருக்கும், அது இதைவிட நன்றாகவும் இருந்திருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் தட்டு நன்றாக ஓடுகிறது என்பதால் நான் செய்தது நல்லதாகிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். செல்வராணி அப்படித்தான் சொன்னாள். நீயும் ஒருநாள் என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லாதே.

இரண்டு நாள் நீ பேசவில்லை. மூன்றாம் நாள் உன் பக்கத்தில் ஒரு மன்னிப்புப் போட்டாய். “போன் வந்தது உண்மை, அதை எடுத்தது நான்தான், வேண்டாம் என்று சொன்னதும் நான்தான், இத்தனை வருஷத்தில் ஞாபகம் மாறிவிட்டது, அந்த மேடம் என்னை மன்னிக்க வேண்டும்” என்று எழுதியிருந்தாய். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதன் பிறகு கூட்டம் உனக்கு எதிராகத் திரும்பியது. தட்டு விற்பதற்காக ஏழைக் கதை கட்டினவன் என்றார்கள். எஸ்டேட் பையன் என்பதே பொய்யாக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கொச்சியில் உனக்கு முன்னால் வாசிக்க இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள் என்று செல்வராணி சொன்னாள். நீ எனக்காகப் பொய் சொன்னாய். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய், எல்லோரும் நம்பிவிட்டார்கள். என்னிடமிருந்து வந்த பழக்கம் அது, அதனால் விட்டுவிடு என்று சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

நேற்று நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். செல்வராணி நம்பர் எடுத்துக் கொடுத்தாள். நான் யார் என்று சொன்னேன். “அன்னைக்கு உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன்” என்றார்.

“ஆமாம்மா. கேட்டீங்க. நான்தான் பொய் சொன்னேன். எம் பையனுக்குத் தெரியாது. இப்ப அவன் எழுதியிருக்கிறதும் நெசம் இல்ல.”

அவர் கோபப்படவில்லை. அவருடைய மகள் காலேஜ் படிக்கிறாளாம், அம்மாவைப் பற்றி எழுதியதையெல்லாம் போனில் படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லையாம். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றேன். “என்கிட்ட கேட்டுட்டீங்க. எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். கேட்டதில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம். எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால், போன் வந்தது, அதை எடுத்தது நான், மறுத்தது நான். அந்த அம்மா தன் வேலையைச் சரியாகச் செய்தார். என் மகன் நம்பியதைச் சொன்னான், பிறகு என்னைக் காப்பாற்றுவதற்காக நம்பாததைச் சொன்னான். திட்ட வேண்டும் என்றால் ஆள் இங்கே சூரியநெல்லியில்தான் இருக்கிறேன்.

உனக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணை நீ நேரில் போய்ப் பார். நானும் வருகிறேன், ஆனால் நான் பேசியது உன் கணக்கில் சேராது. நீ பொய் என்று எழுதியதற்கு நீதான் கேட்க வேண்டும். இன்னொன்று, தட்டின் பெயரை மாற்ற வேண்டாம். அச்சடித்தாகிவிட்டது, அது உன் உழைப்பு. மேடையில் யாராவது கேட்டால் நடந்ததைச் சொல். அம்மாதான் காரணம் என்று உன் வாயால் சொல்லக் கஷ்டமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. என்மேல் கோபம் இருந்தால் அது இருக்கட்டும், அவசரமாக அதை முடிக்க வேண்டாம். நான் ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டேன், நீ ஒன்பது நாளில் முடிக்க வேண்டும் என்று நான் கேட்க முடியாது.

மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தாய். வேண்டாம். ஆனால் கொச்சிக்கு வருகிறேன். காலை முதல் பஸ்ஸில் கிளம்பி மூணாறில் மாறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று செல்வராணி எழுதிக் கொடுத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பாதே. வாசலில் என் பெயரை எழுதி வைக்கவும் சொல்லாதே. எல்லோரையும் போல டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே வருவேன்.

அம்மா